பூசணிக்கு வந்த பழி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

சிரிக்காமல் படிப்பதாக இருந்தால் படி. போன மாதம் நாய்க் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உன் அக்கா மேசை மேல் ஏறி முக்கால் மணி நேரம் நின்றாள். கீழே ஒரு நாய். அது துரத்தவுமில்லை, குரைக்கவுமில்லை. என் கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்துப் பயந்துபோய் அதே மேசைக்கடியில் பதுங்கியிருந்தது. நான் அதற்குப் பயந்து மேலே, அது எனக்குப் பயந்து கீழே. காப்பகத்து டாக்டர் வந்துதான் இரண்டு பேரையும் சமாதானம் செய்தார்.

பிட்புல் ஜாதியாம், கடிக்குப் பேர்போன முரட்டு ஜாதி. யாரோ கேட்டில் கட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். தலை இருக்கிற அளவைப் பார்த்துப் பூசணி என்று கூப்பிடுகிறேன். இப்போது என் மடியில் தலை வைத்துக் குறட்டை விடுகிறது. உன் மாமா தோற்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாய் வளர்க்க ஆசைப்பட்டு ஆட்கள் வருவார்கள். இதைக் கொஞ்சுவார்கள். என்ன ஜாதி என்று கேட்பார்கள். சொன்னதும் சுடுசட்டியைத் தொட்டமாதிரி கை பின்னால் போகும். அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். முதலில் அரை மணி நேரம் தடவ விடுவது, அப்புறம்தான் ஜாதிப் பேரைச் சொல்வது. அதில் ஒரு பேக்கரிக்காரர் மனசு இளகி, மாதக் கடைசியில் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார்.

உன் காலில் கட்டு என்று உன் வீட்டுக்காரி எழுதியிருந்தாளே, என்னடா அது? ஆட்டுக்குட்டியைக் கண்டாலே தெரு மாறுகிற தபால்காரன் நீ. எங்கே போய் விழுந்தாய்?

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு என் வணக்கம். நான் விழவில்லை. நாய் கடித்துவிட்டது. பிட்புல். கெண்டைக்காலில் ஏழு தையல். ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது, கவலைப்படாதே. பேப்பரில்கூட வந்துவிட்டது, நறுக்கை உள்ளே வைத்திருக்கிறேன்.

இந்த ஜாதி நாயே நம் இரண்டு ஊரிலும் இருக்கக் கூடாது என்று எங்கள் தபால்காரர் சங்கத்தில் தாலுகா அதிகாரியம்மாவிடம் மனு கொடுத்திருக்கிறோம். கடிபட்டவன்தான் முதலில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டுவிட்டேன்.

நீ அந்த வேலையை விட்டுவிடு. இதற்குமேல் என்னை ஒன்றும் கேட்காதே.

உன் தம்பி

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

நறுக்கைப் படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இரண்டு நாள் பூசணி பக்கமே போகவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழியால் தள்ளிவிட்டேன். என் தம்பி காலைக் குதறிய ஜாதி அல்லவா? அது தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பேக்கரிக்காரர் வந்தார். கையில் அதே பேப்பர். "வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்கம்மா. மன்னிச்சிருங்க" என்றார். பூசணி அவர் செருப்பை நக்கியது. காலை இழுத்துக்கொண்டார்.

பின்னாலேயே நோட்டீஸ் வந்தது. 28ஆம் தேதி தாலுகா ஆபீசில் விசாரணை. மனு செல்லும் என்று சொல்லிவிட்டால், காப்பகத்தில் இருக்கும் பிட்புல்லுக்கு அன்றைக்கே ஊசி. எழுந்திருக்காத தூக்கத்துக்கான ஊசி. எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்.

எங்கள் டாக்டர் ஒன்று கேட்கிறார். இரண்டு ஊர் நாய்ப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தாராம், பூசணியைத் தவிர வேறு பிட்புல்லே இல்லையாம். பூசணியோ ஒன்றரை மாதமாக எங்கள் கூண்டில். எந்த வீட்டில் எந்த நாய் என்று உனக்குத் தெரியாதா? உன்னைக் கடித்தது எந்த வீட்டு நாய்?

உன் அக்கா

மார்ச் 17

அக்கா,

உன்னிடம் மறைக்க முடியவில்லை.

பல் டாக்டர் வீட்டு நாய். வெள்ளையாகப் புசுபுசுவென்று இருக்கும். தலையில் ரிப்பன். தலையணை அளவுகூட இருக்காது. தையலும் ஏழு இல்லை, இரண்டு. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆபீசில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு எவ்வளவு பெரிய நாய் என்று கேட்டார்கள். டிவியில் கேட்ட பேர் ஒன்று வாயில் வந்துவிட்டது. சங்கத் தலைவர் தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக. சாயங்காலம் பேப்பர்காரர் வந்தார். தையலை ஏழாக்கியது அவர். நானும் மறுக்கவில்லை.

இப்போது மாற்றிச் சொன்னால் நான் எப்படித் தெருவில் இறங்குவேன்? தினம் முந்நூறு வாசலில் நிற்கிறவன் அக்கா. என் வீட்டுக்காரிக்கே தெரியாது. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை.

படித்துவிட்டுக் கூண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், ஈரம் என்றுகூடத் தெரியாமல். கடித்தது ரிப்பனோடு சோபாவில் இருக்கிறது. கடிக்காததற்கு இன்னும் ஒன்பது நாள்.

நீ சொன்ன பொய் எனக்குப் பெரிசில்லை. சின்ன வயசில் நீ சொல்லாத பொய்யா, உனக்காக நான் வாங்காத அடியா? ஓர் உயிர் போகும் என்று தெரிந்த பிறகும் கிழித்துப் போடு என்றாயே, அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இது என் தம்பி கையெழுத்துதானா என்று மூன்று தடவை பார்த்தேன்.

கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். 28ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு நானும் பூசணியும் அங்கே இருப்போம். நீ கட்டிய கதையை நீதான் அவிழ்க்க வேண்டும். வராவிட்டால் எனக்கு இனிக் கடிதம் போடாதே.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று போட்டுவிட்டேன், பார்த்தாயா?

நீ யூனிபார்மோடு உள்ளே வந்ததும் பூசணியின் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறப்பாய் என்று பார்த்தால், பையிலிருந்து ஒரு பதிவுத் தபாலை எடுத்து அதிகாரியம்மாவிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

அந்தம்மா உரக்கப் படித்தார். ரிப்பன் வரைக்கும் ஜனங்கள் தாங்கினார்கள். தலையணை வந்ததும் சிரிப்பில் கூரை பறந்தது. உங்கள் சங்கத் தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உனக்காக எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்புறம், "என் வெட்கத்தை மறைக்க ஒரு வாயில்லாத உயிரைக் கொடுக்கப் பார்த்தேன்" என்று நீ எழுதியிருந்ததைப் படித்தார். தலைவர் எழுந்து, "எங்க ஆளு சொன்னது பொய்யிங்க. மனுவைத் திருப்பிக் குடுத்திருங்க" என்றார். சிரிப்பு முகத்தில் இல்லை.

இதுவா பிட்புல் என்று அதிகாரியம்மா குனிந்து பார்த்தார். அவர் வந்து உட்கார்ந்ததிலிருந்து பூசணி அவர் பாதத்தின் மேல்தான் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து பேக்கரிக்காரர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த சங்கிலிக்குக் கை நீட்டினார்.

ஊர் ஒரு மாதம் சிரிக்கும். பொறுத்துக்கொள். நானும் சிரிப்பேன், அதையும் பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அதிகாரியம்மா உன் கடிதத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பூசணி அதைத் தின்றுவிட்டது. பைலில் வைக்க வேண்டுமாம். நடந்ததை முதலிலிருந்து மறுபடி எழுதி, மூன்று நகலோடு, திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்.

உன் அக்கா