ஆறாவதுக்குப் போய்விட்டாள், அக்கா

அக்கா,

யாழினியின் ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பழுப்புத் தாளும் பசையும் கலந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. பொங்கல் முடிந்து யார் அட்டை போடுவார்கள்? அவளோடு படித்தவர்கள் பாதிப் பாடம் தாண்டிவிட்டார்கள். இந்த வேலையை நீ என்னிடம் கொடுத்ததே இல்லை. மூலை மடிக்கத் தெரியாதவள் என்பாய். இன்னும் தெரியவில்லை.

போன ஜூனில் பள்ளி முதல்வரின் அறையில் நாம் நின்றது நினைவிருக்கிறது. "ஒரு பாராகூட படிக்க வரல. அஞ்சாவதுலயே இன்னொரு வருஷம் இருக்கட்டும், அவ நல்லதுக்குத்தான்" என்றார் அந்த அம்மா. நீ குரலை உயர்த்தவில்லை. "எல்கேஜில இருந்து உங்ககிட்டதானே மேடம் இருக்கா? எழுத்து கொழம்புதுன்னு ஒரு நாளாவது கூப்ட்டு சொன்னீங்களா?"

மாமா உங்கள் இருவரையும் விட்டுப்போன பிறகு, செங்கம் ரோடு லாட்ஜில் வரவேற்பில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களிடம் திக்கித் திக்கி இங்கிலீஷ் பேசிப் பழகியவள் நீ. மகள் திக்கக் கூடாதென்றுதான் அந்தப் பள்ளியில் சேர்த்தாய்.

வழக்குப் போட்டாய். படிக்கத் தெரியாத பிள்ளையை மேலே அனுப்புவதும் அநியாயம்தான் என்று பள்ளியின் வக்கீல் சென்னை ஹைகோர்ட்டில் வாதாடியபோது, நீ தலையாட்டினாய். எனக்கு ஆத்திரம் வந்தது. "அவர் சொல்றதும் நெஜந்தான்டி. மேல அனுப்பு, படிக்கவும் கத்துக் குடுன்னுதான நான் கேக்கறேன்" என்றாய், திரும்பி வரும் பஸ்ஸில்.

மார்பில் பல மாதமாகக் கட்டி இருப்பதையும் அந்தப் பஸ்ஸில்தான் சொன்னாய். பதறிப்போனேன். "தீர்ப்பு வந்துரட்டும். இப்ப நான் படுத்துட்டா கேஸ யாரு நடத்துவா?" எவ்வளவு கெஞ்சியும் நீ அசையவில்லை. கடைசியில் நாம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முற்றிவிட்டது என்றார் டாக்டர். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரை விட்டுக் கலைவதற்குள் நீயும் போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்து வீடு ஓய்ந்திருந்த ஒரு மதியம் நம் வக்கீல் போனில் கூப்பிட்டார். ஆறாவதில் சேர்க்க வேண்டும், வாசிக்கக் கற்றுத்தரத் தனியாக ஒரு டீச்சர் வைக்க வேண்டும் என்று தீர்ப்பு. நீ கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் போனைப் பிடித்தபடி நின்றேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் யாழினி, அந்தத் தனி டீச்சர் கொடுத்தனுப்பிய ஒரு பாராவை, விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி முழுசாகப் படித்தாள். படித்துவிட்டுக் கேட்டாள்: "அஞ்சாவதுலயே இருக்கேன்னு நானே சொல்லியிருந்தா, அம்மா சீக்கிரமே ஆஸ்பத்திரி போயிருப்பாங்களா சித்தி?"

"இல்லடா கண்ணு. உன்னால ஒண்ணுமே இல்ல" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளர வளர இதையே மறுபடியும் கேட்பாள். கேட்கும்போதெல்லாம் இல்லையென்று சொல்ல நான் இருக்க வேண்டும், அக்கா. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் என் மார்பையும் பரிசோதித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். வெளியே வந்து, ஆட்டோக்களுக்கு நடுவே நின்று, உனக்காக அழுதேன்.