திருமதி தவமணி அவர்கட்கு

12.8.92, புதன்

சோளகக் காற்று ஓயவில்லை. கொடியில் காய்ந்த என் வேட்டி பக்கத்து வளவு முருங்கையில். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும், கிடைத்தால்.

தபாலில் ஒன்று. "திருமதி தவமணி அவர்கட்கு." அப்பா என்ன நினைத்து இந்தப் பெயரை வைத்தாரோ. இதுவரை திருமதி பலமுறை. செல்வி இருமுறை, அதில் ஒன்று, மாதர் சங்கத் தையல் போட்டிக்கு நடுவராக வரும்படி. மீசைக்குத் தபாலில் மதிப்பில்லை.

எழுதியவர் தொண்டைமானாற்றில் ஒரு அம்மா. புருசன், ரோட்டு வேலை ஓவசியராக இருந்து இளைப்பாறியவர், போன கிழமை காலமாகிவிட்டார். கல்வெட்டுப் பாடித் தரவேண்டும். வருசம் முழுக்க நையாண்டிக் கட்டுரை எழுதுகிறேன், ஒருவரும் தேடி வருவதில்லை. செத்தவரைப் புகழ்ந்து பாட்டுக் கட்டி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வந்தவர்களுக்குக் கொடுக்கிற இந்தச் சின்னப் புத்தகத்துக்கு மட்டும் ஆள் வருகிறது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எல்லாம் கைவசம். பெயரை மாற்றினால் போதும்.

ஆனால் இந்த அம்மா கேட்பது வேறு. "அக்கா, நீங்களும் ஒரு பெண் எண்டபடியால் எழுதுறன். எனக்கு அழுகை வரேல்லை. சனம் பாத்துக்கொண்டிருக்கு. மனைவி புலம்பலைப் பொய் இல்லாமல் எழுதித் தருவியளோ?"

13.8, வியாழன்

'அம்மா, நான் ஆண்' என்று எழுதினேன். கிழித்தேன். பாவம், கூச்சப்படுவார் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம்: அடுத்த கடிதம் வராது.

பிறகு எழுதியது: "இன்னும் கொஞ்சம் விபரம் தேவை. தவமணி." இதில் பொய் ஒரு சொல் இல்லை. அதுதான் கெட்டித்தனம்.

என் மனுசி எட்டிப் பார்த்தாள். "பொம்பிளையெண்டு நினைச்செல்லோ அந்த மனுசி எழுதியிருக்கு. சொல்லிவிடுங்கோவன்."

"ஓம், சொல்லுறன்."

18.8, செவ்வாய்

பதில் வந்தது. கொப்பித் தாளில் நாலு பக்கம்.

ஓவசியர் கெட்டவர் இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. கதைக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் இருந்தவரை அவர்கள் மூலம்: "கொம்மாவிட்டைச் சொல்லு." கடைசி மகனும் கனடா போனபின் தூதுக்கு ஆளில்லை. தொழுவத்து மாட்டைப் பார்த்துத் தேத்தண்ணி கேட்பாராம். "உவவுக்குச் சொல்லு, சாயம் காணாதெண்டு." அம்மா எழுதுகிறார்: "நானும் மாட்டுக்குத்தான் மறுமொழி சொல்லுவன். இதை என்ரை கூடப்பிறந்தவைக்கும் சொல்லேல்லை, அக்கா."

சிரித்தேன். திரும்ப வாசித்தேன், திரும்பச் சிரித்தேன். பிறகு கடிதத்தை மடித்து வைத்தேன். கிழிக்கவோ திருப்பி அனுப்பவோ தோன்றவில்லை.

20.8, வியாழன்

மனைவி புலம்பல் முடிந்தது. நாலே வரி. அழுகை இல்லை. விடிய எழும்பி இரண்டு பேருக்குத் தேத்தண்ணி போட்டுவிட்டு, ஒன்றைக் கொண்டுபோய் ஊற்றிவிடுகிறாள். நன்றாக வந்திருக்கிறது. கல்வெட்டில் இப்படி நான் எழுதியதில்லை. மானிப்பாய்ச் சந்தியில் அச்சாகிறது என்று அம்மாவுக்கு அட்டை போட்டேன்.

மாலை அச்சகம். கடதாசி இல்லை, கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அடிக்கலாம். அச்சக நடராசா நாலு வரியையும் வாசித்துவிட்டு, "உது எங்காலை பிடிச்சனீங்கள்?" என்றான். சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். நடித்தும் காட்டினேன். ஓவசியராக, அம்மாவாக, கடைசியில் மாடாகவும். நடராசாவுக்குக் கண்ணால் தண்ணி. ஓவசியரின் பெயரால் நான் வரவழைத்த முதல் கண்ணீர்.

25.8, செவ்வாய்

எழுதாமல் விடலாம். விட்டால் மறந்துவிடுவேன், அது இன்னும் கேவலம்.

காலை புரூப் பார்க்கப் போனேன். அச்சகத்து வாங்குப் பலகையில் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா, மடியில் பனங்கட்டி வைத்த சின்ன ஓலைக் குட்டான். ஆரோ வாடிக்கை என்று நினைத்தேன். உள்ளேயிருந்து நடராசா, என் தலை கண்டதும்:

"வாங்கோ தவமணி! தேத்தண்ணி வேணுமெண்டால் மாட்டிட்டைச் சொல்லுங்கோ!"

அம்மா எழும்பினார். என் முகத்தைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார்.

"நீங்களோ தவமணி?"

"ஓம்."

"வீட்டிலை... அக்கா ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை."

அந்தியேட்டிக்கு முன் வீட்டுப் படலை தாண்டக்கூடாத மனுசி. ஆசுப்பத்திரிக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் மாறி, அக்காவைப் பார்க்க வந்திருக்கிறார். புரூப்பை நீட்டினேன். வாய்க்குள் வாசித்தார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறியள், ஐயா. உது வேண்டாம். வழமையாப் போடுறதைப் போடுங்கோ."

"அதிலை கண்ணீர் ஆறாய் ஓடுது எண்டெல்லாம் வரும், அம்மா."

"ஓடட்டும்."

குட்டானை என் கையில் தந்தார். "இது உங்கடை மனுசிக்கு." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நடராசா மையைத் துடைத்த துணியாலேயே முகத்தைத் துடைத்தான்.

இரவு மனுசி: "ஆர் பனங்கட்டி தந்தது?" எல்லாம் சொன்னேன். அச்சகத்தில் எதைச் சொல்லிச் சிரித்தோம் என்று கேட்டாள். மாட்டுக் கதையைச் சொல்லவில்லை. ஒருவருக்காவது சொல்லாமல் விட்டேன். அவள் பனங்கட்டியைத் தொடவில்லை.

1.9, செவ்வாய்

அந்தியேட்டி. நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன், காய்ச்சல் இல்லை. புத்தகக் கட்டோடு நடராசா போனான். பொழுதுபடத் திரும்பி வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்:

"மனைவி புலம்பல் வாசிக்கப் பொம்பிளையள் எல்லாம் விக்கி விக்கி அழுகை."

"அம்மா?"

"அவ மாட்டுக்குத் தண்ணி வைக்க எழும்பிப் போட்டா."

நடராசா சிரிக்கவில்லை.

7.9, திங்கள்

காற்று குறைவு. காலை முழுக்கப் பொம்மர் விமானச் சத்தம். பின்னேரம் தபால்.

தொண்டைமானாற்று முத்திரை. உள்ளே கல்வெட்டுப் பிரதி ஒன்று, "கிடைக்கப்பெற்றோம், நன்றி" என்று ஒரு துண்டு. அவ்வளவுதான். உறையை மனுசிதான் முதலில் பார்த்தாள். "திரு. தவமணி அவர்கட்கு."

"இந்தமுறை சரியாப் போட்டிருக்கினம்," என்றாள்.

ஓம் என்றேன்.