பிரித்த பொதி

2009 மார்ச் 11, புதன், இரவு

ஒப்பரேஷன் தியேட்டரில் எல்லாவற்றையும் விரித்து வைத்த பிறகுதான் நோயாளி வாயைத் திறந்தார். காலையில் சீஸ் வைத்துப் பாண் சாப்பிட்டாராம். வெறும் வயிற்றோடு வரத் தெரியாத மனுசன். சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். பிரித்த பொதியை, கை படாவிட்டாலும், இந்த நாட்டில் திரும்பப் பாவிக்க முடியாது. கையுறை, பஞ்சு, கட்டுத்துணி, தையல் நூல் எல்லாவற்றையும் குப்பைப் பையில் போட்டு நானே இறுக்கிக் கட்டினேன்.

வேலை முடிந்து மோர்டென்ஸ்ருட் ஸ்டேஷனில் ரயிலால் இறங்கும்போது வன்னியிலிருந்து அக்கா போன் எடுத்தாள். அவளும் அங்கே ஆஸ்பத்திரியில் தாதிதான். யாருடையதோ சற்றலைட் போன்.

"கட்டுறதுக்குத் துணி முடிஞ்சுது. சீலையை அவிச்சுக் கிழிச்சுக் கட்டுறம்."

சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது. ஒரு துண்டுப் பஞ்சுகூட இங்கிருந்து அனுப்ப வழியில்லை.

"உனக்கு இண்டைக்குக் கன வேலையோ?"

பேசாமல் இருந்திருக்கலாம். நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அப்ப, பிரிச்ச சாமானெல்லாம்?"

"எடுத்து வச்சிருக்கிறம் அக்கா."

"ஓம், வடிவாச் சுத்தி வை. தூசி பட விடாதை."

லைன் அறுந்துவிட்டது. அந்த போனின் நம்பர் என்னிடம் இல்லை. அவள்தான் திரும்ப எடுக்க வேண்டும்.