பசந்தி கேட்கச் சொன்னது

அம்மாவுக்கு, ஒடிசாவிலிருந்து தீர்த்தன் வணக்கத்துடன் எழுதுவது.

முழங்கால் வலி தேவலையா? பசந்தியைக் கட்டிக்கொண்டதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு மணிமேகலை அக்காவைப் படித்துக் காட்டச் சொல்.

போர்வெல் லாரி வேலை நன்றாகப் போகிறது. போன வாரம் பசந்திக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்தது. பசந்திக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

குழந்தையை அவள் அண்ணன்மார் ஆற்றோரம் புதைத்தார்கள். நம் வழக்கப்படி பால் தெளிக்கணும் என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை. பசந்திக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, தன் பாலையே பீய்ச்சி அந்த மண்ணில் விட்டாள்.

மாத்திரை கொடுத்தும் பால் நிற்கவில்லை. மார் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கிறாள். நேற்று, "உங்க அம்மாகிட்ட கேளுங்க, என்ன பண்ணணும்னு" என்றாள். அவள் தாயில்லாதவள், அம்மா. நீ எங்களோடு பேசுவதில்லை என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

எனக்குக் கொஞ்சம் கேழ்வரகு மாவு அனுப்பு. மணிமேகலை அக்கா போனிலிருந்தாவது கூப்பிடு. என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் பேசு. மெதுவாகச் சொன்னால் தமிழ் புரியும்.

லாரி கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்
தீர்த்தன்