மரத்த வாய் சொன்ன வாக்கு

திருமுல்லைவாயில்,
ஆடி இரண்டாம் ஞாயிறு.

அன்புள்ள கிருஷ்ணப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் முழு நலம், உன் தம்பி இளங்கோ ஒரு கன்னம் நீங்கலாக நலம். வின்னிபெக்கில் நீயும் மாப்பிள்ளையும் எல்லாக் கன்னங்களோடும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் நம் வீட்டில் முக்கியமான தீர்மானம் ஒன்று நிறைவேறியது. இளங்கோவின் வாய் ஆறும்வரை வீட்டுக்குள் யாரும் முறுக்கு கடிப்பதில்லை. அப்பா முன்மொழிந்தார், சென்னீர்குப்பத்திலிருந்து வேம்புலி அத்தை போனில் வழிமொழிந்தார், நான் அடுப்படியில் இருந்ததால் ஏகமனதாக என்று அறிவிக்கப்பட்டது. முறுக்கு டின் பரண்மேல் ஏற்றப்பட்டது. தொழிற்சாலைச் சங்கத்தில் இத்தனை வருடம் இருந்தவர் எதையும் முறைப்படிதான் செய்வார். மறுநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் கருங்கல் ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா. தீர்மானத்தில் 'வீட்டுக்குள்' என்றுதானே இருக்கிறது என்றார். ஐம்பத்தேழு வயதில் ஒரு பல்கூட ஆடவில்லை என்பது அவருடைய பெருமை, இன்றைக்கும் கரும்பைப் பல்லால்தான் உரிக்கிறார், அப்படிப்பட்டவர் மாடிவரைக்கும் பொறுத்துக்கொண்டதே பெரிது என்று நான் இறங்கி வந்துவிட்டேன்.

இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர். நான் சொல்லப்போவது ஸ்பீக்கருக்கு ஏற்ற விஷயம் இல்லை. பக்கத்துத் தெரு ஜெகதீசனின் மகள் உன் ஊருக்கே படிக்க வருகிறாள், அவள் பெட்டியில் பருப்புப் பொடிக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு. பொடியைப் புட்டியில் மாற்றி வை, ஈரக் கரண்டி போடாதே.

பல்லின் கதை உனக்குத் தெரிந்ததுதான். இடது கீழ்க் கடைவாயில் முளைத்த ஞானப்பல் நேராக வராமல் பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. எக்ஸ்ரேயைப் பார்த்தபோது எனக்கு நம் முன்னறையில் நிற்கும் அத்தையின் பீரோதான் ஞாபகம் வந்தது. அத்தை வீட்டை இடித்துக் கட்டும்போது நான்கு மாதத்துக்கு என்று வந்த மூன்று கதவு பீரோ. அவர் வீடு கட்டி முடித்து, புதுமனை புகுந்து, அதற்குப் பிறகு ஒருமுறை பெயின்டும் அடித்தாயிற்று. பீரோ மட்டும் இங்கேயே. நாங்கள் எல்லோரும் முன்னறையைப் பக்கவாட்டில் நடந்து கடக்கப் பழகிவிட்டோம். தொழிற்சாலை வாசலில் நடக்கும் சங்கத்தின் கேட் மீட்டிங்கில் மைக் இல்லாமல் பேசுகிற உன் அப்பாவுக்கு, இதை அக்காவிடம் பேசச் சரியான சந்தர்ப்பம் இன்னும் அமையவில்லையாம்.

பல்லைவிட எனக்குக் கவலை இன்னொன்று. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளின் வரிசையை அப்பாவே தயாரித்துவிட்டார். மேலிருந்து கீழ்வரை மெக்கானிக்கல்தான், கல்லூரி மட்டும் மாறும். பல் எடுக்கிற அன்று மாலைக்குள் அதைக் கம்ப்யூட்டரில் மாற்ற முடியாதபடி பூட்டியாக வேண்டும், பூட்டினால் அவன் நாலு வருடம் முடிந்தது. இளங்கோ என்ன கேட்டாலும் சரிப்பா என்கிறான். நீயாவது வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்வாய், நமக்கும் ஒரு கதவு தட்ட வேலை இருக்கும். சரி என்கிற பிள்ளையிடம் எதைத் தட்டுவது? மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் தலைப்பிரட்டை வளர்க்கிறான், ஆவடி ஏரிக்கரையில் விடியற்காலையில் போய் நின்றுவிட்டு டியூஷன் என்கிறான், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மெக்கானிக்கல் படிப்பதற்குத் தலைப்பிரட்டை எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். கொசு வரும், கொட்டச் சொல்லு என்றார்.

இந்த நிலையில்தான் நீ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த நீண்ட ஆலோசனையை அனுப்பினாய். நீ எழுதியதில் பெரும்பாலும் சரியாகவே நடந்தது, அதற்காக உன்னைப் பாராட்டுகிறேன். மூன்றாம் நாள்தான் வீக்கம் அதிகம் என்றாய், அப்படியே ஆயிற்று. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் என்றாய், டாக்டரும் அதையே சொன்னார். ஐஸ் ஒற்றடம் என்றாய். உன் ஊரில் அது வாசலிலேயே கிடக்கும். இங்கே அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை, அப்பா மார்க்கெட்டில் மீன் கடையில் போய் ஐஸ் வாங்கி வந்தார். கன்னத்தில் வைத்த ஐஸில் ஒட்டியிருந்த செதிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சங்கரா மீன் என்று உன் தம்பி போனில் எழுதிக் காட்டினான். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதினாயே, அங்கே உன் சிநேகிதியின் பிள்ளை மயக்கம் தெளியும்போது மனதில் இருந்த ரகசியத்தையெல்லாம் கொட்டிவிட்டான், வீடியோ எடுத்து வையுங்கள் என்று, அதைத்தான் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு ஸ்பீக்கரில் அத்தைக்கும் படித்துக் காட்டினார். "மருந்து ஏறினா உள்ள கீறது வெளிய வந்துரும்க்கா, இது சயின்ஸ்" என்றார். "இதுக்கு இன்னாத்துக்குடா கனடாவாண்ட போவணும், ஆடி மாசம் எங்க தெருவுல ஊட்டுக்கு ஊடு வருது" என்று அத்தை சொன்னார்.

நம் அத்தையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வருடா வருடம் ஆடியில் கூழ் ஊற்றும் அன்று அவருக்கு அம்மன் வரும், தெருவே வரிசையில் நின்று வாக்குக் கேட்கும். அப்பாவோ சாமியே இல்லை என்கிறவர், கூழ் மட்டும் இரண்டு சொம்பு குடிப்பார். உனக்கு அத்தை பெயர் வைத்ததால் கிருஷ்ணப்பிரியா, அவனுக்கு அப்பா பெயர் வைத்ததால் இளங்கோ. இந்த இருவரும் ஒரே விஷயத்தை ஒன்றாக நம்பி நான் பார்த்தது இதுவே முதல் தடவை.

பூந்தமல்லியில் பல் டாக்டர் சுரேகாவின் கிளினிக். மெட்ரோ வேலையால் அப்பா காரை நிறுத்த இடம் தேடிப் பாதி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தை வெளியே வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். உள்ளே நானும் இளங்கோவும்தான். ஊசி போட்டதும் இவன் ஏதாவது உளறுவானா, நாங்கள் ஏதாவது குறித்துக்கொள்ள வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னது பெரிய மனது. வெளிநாட்டில் ஆளையே மயக்கிவிட்டு எடுப்பார்கள், இங்கே போடுகிற ஊசியில் அந்த இடம் மட்டும்தான் மரக்கும், மூளைக்கு அது போகவே போகாது, பதினேழாம் வாய்ப்பாடு கேட்டாலும் சரியாகச் சொல்வார் என்றார். நாற்காலியில் படுத்திருந்த இளங்கோ வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிறகு டாக்டர் பல்லை இரண்டு துண்டாக உடைத்து எடுத்து, தையல் போட்டு, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

அத்தை வீடு பக்கம் என்பதால் முதலில் அங்கே கொண்டுபோனோம். சோபாவில் படுக்க வைத்தோம். அத்தை வீட்டில் முன்னறை நல்ல விசாலம், பீரோ எதுவும் இல்லை. எடுக்கச் சொன்ன நேரத்துக்குப் பஞ்சை எடுத்தேன். இளங்கோ கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக உருட்டி, ம்ம்ம் என்று ஒரு நீளமான சத்தம் கொடுத்தான். உதடு ஒரு பக்கம் தொங்கியது, அது மட்டும் நிஜம். அவ்வளவுதான், அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விபூதித் தட்டோடு வந்துவிட்டார். கற்பூரம் ஏற்றப் போனவரை அப்பா தடுத்தார், சாமி இல்லை என்பதற்காக அல்ல, கன்னத்துக்குச் சூடு ஆகாது என்று நீ எழுதியிருந்ததற்காக. "வந்துகீறது ஆரு? எங்க ஊட்டுப் புள்ள மேல வந்து நிக்கிறியே, இன்னா கொறை வெச்சோம், வாய தொறந்து சொல்லு" என்று அத்தை கேட்டார். "யக்கா, இது சாமி இல்ல, மருந்து" என்றார் அப்பா. "நீ மருந்துன்னு வெச்சிக்கோ, நான் ஆத்தான்னு வெச்சிக்கிறேன், வர்றது வரட்டும், நீ குறுக்க பேசாத" என்று அத்தை அடக்கினார்.

இளங்கோ சொன்னான். உதடு மரத்திருந்தாலும் வார்த்தை தெளிவாகவே வந்தது. மெக்கானிக்கல் வேண்டாம். விலங்கியல் படிக்க வேண்டும். தானே மனுப் போட்டு, அரசு கலைக் கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கிறது. சொல்லப் பயம்.

அப்பா, பரிசோதிக்காமல் எதையும் ஏற்கக் கூடாது என்று சொல்லி, சோபா பக்கத்தில் குந்திக்கொண்டு, அவன் பெயரைக் கேட்டார், தன் பெயரைக் கேட்டார். சரியாக வந்தது. கடைசியில், தன் ஸ்கூட்டரில் கீறல் போட்டது யார் என்று கேட்டார். எதிர்வீட்டு அழகேசன்தான் என்று அவரே தீர்ப்பெழுதி, ஒரு வருடமாக அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியிருப்பது உனக்குத் தெரியும். இளங்கோ ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான். நான் தலையணையைச் சரி செய்தேன். "நான்தான், கேட்டுல இடிச்சேன்" என்றான். அப்பா எழுந்துவிட்டார். தெளிவாக இருக்கிறவன் எவனும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான், ஆகவே மருந்து உண்மையைத்தான் பேசுகிறது என்று எனக்கு விளக்கினார். நான் ஆமாம் என்றேன். விஞ்ஞானம் சொன்னதை அவரால் மறுக்க முடியவில்லை, ஆத்தா கேட்டதை அத்தையால் மறுக்க முடியவில்லை. "பாம்பு புடிக்கறதுக்கா படிக்கிறது, வேலை எவன்டா குடுப்பான்" என்று அப்பா கடைசியாக ஒருமுறை முனகினார். "டேய் வரதா, ஆடா கேட்டா, கோழியா கேட்டா? படிப்பத்தானடா கேட்டா, இல்லேன்னு சொல்லிட்டு நீ இந்த ஊட்டு வாசப்படிய தாண்டிருவியா?" என்று அத்தை கேட்டார். அப்பா தாண்டவில்லை. அன்று மாலை கம்ப்யூட்டரில் யாரும் எதையும் பூட்டவில்லை.

மருந்தில் சொன்னதற்குக் கோபிக்க முடியாது என்பதால் கீறல் விஷயத்தில் அவனுக்கு ஒரு திட்டும் விழவில்லை. அப்பா கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அழகேசன் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கிரிக்கெட் பார்த்துவிட்டு வந்தார். அன்று முன்னறையில் பீரோவைச் சுற்றிக்கொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்தவர் என்னிடம், அந்த ஊசி ஏறியிருக்கும்போது ஒருத்தர் என்ன சொன்னாலும், எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும், பிறகு மனதில் வைத்துக்கொள்ள முடியாது இல்லையா என்று கேட்டார். முடியாது என்றேன். மோர் ஊற்றச் சொன்னார்.

வீக்கம் முழுக்க இருந்த அன்றுதான் கல்லூரியில் சேர்க்கை. போய்ச் சேர்த்துவிட்டு வந்தோம். அடையாள அட்டைக்கு அங்கேயே படம் பிடித்துவிட்டார்கள், மூன்று வருடமும் அவன் அந்தக் கன்னத்தோடுதான் படிப்பான். அத்தை தினமும் தூக்குச் சட்டியில் ஆறிய கூழ் கொடுத்து அனுப்புகிறார், கடிக்க வேண்டியதில்லை, சூடும் இல்லை, இந்த வியாதிக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. எடுத்த பல்லை டாக்டர் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பால்பல்லைக் கூரைமேல் போடுவோமே, இதையும் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "அங்க போட்டா மறுபடி மொளைக்கும்டி, வேணாம்" என்று அத்தை எச்சரித்தார். இளங்கோ அதைக் கழுவி, தேதி எழுதி, தலைப்பிரட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். தலைப்பிரட்டைகளில் இரண்டுக்குக் கால் வந்துவிட்டது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு, கொசு ஒன்றும் இல்லை என்றார்.

நீயும் உன் கடைவாயை ஒருமுறை காட்டிக்கொள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். முக்கியமாக, இங்கே போடும் ஊசி மூளைக்குப் போகாது என்று நீ எங்காவது படித்தால், குரூப்பில் போடாமல் உன்னோடு வைத்துக்கொள். நீங்கள் இருவரும் பல்லும் சொல்லும் உறுதியாக நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ரேவதி

பி.கு.: அப்பா வியாழக்கிழமை பூந்தமல்லியில் அதே டாக்டரிடம், ஆடாத கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க நேரம் வாங்கியிருக்கிறார். துணைக்கு அத்தையை வரச் சொல்லியிருக்கிறார்.