விரலில் சதையே இல்லையாம்

ஆகஸ்ட் 12, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று கேண்டீனில் சிரித்த சிரிப்பில் சுடிதாரிலேயே கொஞ்சம் ஒன்னுக்குப் போய்விட்டேன். நாற்பத்தேழு வயசு, இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. அடியில் பிடித்து நிறுத்துகிற சதை தளர்ந்து போச்சு, வேறென்ன. எங்கள் சூப்பர்வைசர் தளவாய் சார் நடப்பது போல நடந்து காட்டினேன். இசக்கி சிரித்தாள், அவள் சிரிப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. இசக்கி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி, நான் நிற்கிற, தகடு அமுக்கும் பிரஸ் மெஷினிலேயே வேலை பார்க்கிறாள்.

"யக்கா, மணியடிச்சாச்சி, ஏன் எந்திரிக்க மாட்டேங்கிய?"

"நாற்காலிக்கு என்னைப் புடிச்சுப் போச்சுடி, நீ போ."

ஆகஸ்ட் 14, புதன்

டார்கெட், டார்கெட் என்று உயிரை எடுக்கிறார்கள். பிரஸ் இறங்க இரண்டு பட்டன். இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும், கை உள்ளே மாட்டாது. நாங்கள் ஒரு பட்டன் அழுந்தியே இருக்கிற மாதிரி மரச்சக்கையைச் செருகிவிடுவோம். நான் தகடு வைப்பேன், இன்னொரு பட்டனை இசக்கி அடிப்பாள். வேலை பறக்கும். அந்தச் சக்கையைச் சீவிக் கொடுத்ததே தளவாய் சார்தான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஆஸ்பத்திரி. இடது கை போய்விட்டது. இல்லை, இருக்கிறது. கை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். நல்லவேளை, எழுதுகிற கை இல்லை.

போன வெள்ளிக்கிழமை. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இசக்கி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்தபடியே பட்டனில் அடித்தாள். என் கை உள்ளே.

அப்பளக் கட்டை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பிரஸ் மேலே போனதும் இழுத்தேன். கையுறை கழன்றது. கையுறைக்குள் தோலும் போனது. மணிக்கட்டு வரைக்கும் உரிச்ச கோழி. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கயிறு. அறுந்த கயிறு ஒன்று புழு மாதிரி தானாகச் சுருட்டிக்கினு உள்ளே போச்சு. வலியே இல்லை. யாருதுடா இந்தக் கைன்னு பாத்துக்கினே நின்னேன். அப்புறம் வந்துது பாரு— அய்யோ.

சுண்டுவிரல் பிரஸ்ஸிலேயே தங்கிவிட்டது.

இசக்கி தன் கையைத் தூணில் மோதி மோதி உடைக்கப் பார்த்தாளாம். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்களாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நொறுங்கின எலும்புகளைக் கம்பி குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். அறுந்த கயிறுகளைத் தைத்தாயிற்று. தோல்தான் தகராறு. வெறும் எலும்பின் மேல் வெட்டி ஒட்டினால் பிழைக்காதாம், அதற்கு ரத்தம் வேண்டுமாம். அதனால் அடிவயிற்றில் தோலை மூன்று பக்கம் அறுத்துப் புரட்டி, கையை அதோடு தைத்துவிட்டார்கள். இப்போது என் கை என் வயிற்றிடம் பால் குடிக்கிறது.

என் வீட்டுக்காரர் ராமன் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். கண்ணெல்லாம் சிவப்பு. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"இன்னா ராஜம்மா, ஜேப்புல கைய வுட்டுக்கினு துரை மாதிரி படுத்துகினு கீற?"

"யோவ், போயிரு. சிரிச்சா தையல் பிச்சிக்கும்."

சிரித்தேன். கத்தியால் குத்தின மாதிரி இருந்தது.

கை மூடுமா என்று டாக்டரைக் கேட்டேன். "பாப்போம்மா" என்றார். அந்தப் பாப்போம் எனக்குப் பிடிக்கவில்லை. மூடாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தலை பின்ன முடியாது, கொசுவம் பிடிக்க முடியாது, ராமனைக் கிள்ளவும் முடியாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

வயிற்றிலிருந்து வெட்டிப் பிரித்தார்கள். கை மேல் தொப்பை முளைத்திருக்கிறது. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

பிசியோதெரபிக்குப் பிரவீனா என்று ஒரு பெண். முகம் குழந்தை மாதிரி, கை குறடு மாதிரி.

"விரல்ல சதையே கிடையாதும்மா. மடக்குற சதை முழங்கைக்குக் கீழ இருக்கு. அங்க இழுத்தா கயிறு வழியா இங்க மடங்கும்."

நல்ல கையில் பிடித்துக் காட்டினாள். விரலை ஆட்டினால் முன்கையில் எலி ஓடுகிறது! இத்தனை வருஷம் விரலே தானாக ஆடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் கெட்ட கையைப் பிடித்து முறித்தாள். படக்கென்றது. உதைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி பறந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பிடித்தாள் பாவி.

நவம்பர் 6, புதன்

தளவாய் சார் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார்.

"ராஜம்மாக்கா, ஆபீஸ்ல விசாரிப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சதுலதான் ஆச்சின்னு சொல்லிருங்க. சக்கையப் பத்திப் பேசாண்டாம், என்னா?"

"கையக் குடு சார்" என்றேன். நீட்டினார். கட்டைவிரலைப் பிடித்துப் பின்பக்கம் வளைத்தேன். பிரவீனா எனக்குச் செய்வதில் பாதிதான். தரையில் முட்டி போட்டார்.

"சக்கைய யாரு சீவுனது?"

"நாந்தான்! நாந்தான்க்கா! விடுங்க!"

"ஆபீஸ்ல வந்து இதையே சொல்லு சார்."

ராமன் ஆப்பிளை நறுக்கிக் கொண்டுவந்து அவருக்கே ஒரு துண்டு கொடுத்தார்.

ஜனவரி 20, திங்கள்

மூடவில்லை. முன்கையில் எலி ஓடுகிறது, விரல் கட்டை மாதிரி நிற்கிறது. உள்ளே ஆறும்போது எலும்பு, கயிறு, தோல் மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டதாம். திரும்பவும் அறுத்துப் பார்க்க வேண்டும். இந்த முறையும் கயிறு போனால் அவ்வளவுதான்.

இத்தனை நாள் என் முகத்தில் முழிக்காத இசக்கி இன்று வந்தாள்.

"யக்கா, என் கைய வேணா வெட்டி எடுத்துக்கிடுங்க."

"சிரிச்சா பட்டன அடிக்கிற கை எனக்கு வேணாம்டி."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. என் வாயில்தான் முதலில் தையல் போட்டிருக்க வேண்டும். இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மயக்கம் கொடுக்கவில்லை. கை மட்டும் மரத்துப்போக ஊசி. டாக்டர் கீறித் திறந்து, ஒட்டினதைச் சுரண்டிச் சுரண்டி விடுவித்துவிட்டு, "மடக்கும்மா" என்றார். பாக்காதே என்றார்கள், நான் பார்த்தேன். ரத்தத்துக்குள் என் கயிறு சரசரவென்று ஓடியது. மூன்று விரல் மடங்கியது. நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் கத்தரியைக் கீழே போட்டாள்.

தினமும் பிரவீனாவிடம் போக வேண்டும். போகாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளுமாம்.

மே 9, வெள்ளி

வல்லக்கோட்டை பஸ்ஸில் இசக்கியோடு வேலைக்குப் போனேன். பேக்கிங் பிரிவில் சேர முதல் நாள். உட்கார இடமில்லை. இடது கையால் மேல்கம்பியைப் பிடித்தேன். பிடித்தது. டிரைவர் பிரேக் போட்டார், விடவில்லை.

கம்பெனிக்கு இறங்க வேண்டிய ஒரகடம் வந்தது. அப்போதும் விடவில்லை. இசக்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், அது ஒவ்வொன்றாகத் திரும்ப மூடிக்கொண்டது. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு விசில் அடித்தார்.

கடைசி ஸ்டாப் வல்லக்கோட்டையில்தான் கை கம்பியை விட்டது. வந்ததுக்குக் கோவிலில் முருகனைப் பார்த்தோம். அரை நாள் லீவு.