ரோலர் ஓடிய கல் படுக்கை

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீ சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, என் கணக்கு தப்பு, வேலையை விடப்போகிறேன் என்று ஒற்றை வரி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். அப்பா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார், இதையாவது பாதியில் மூடிவைக்காமல் படி, சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

உன் மாமாவோடு எனக்குப் பெரிய சண்டை. சாணமும் உரமும் கரைந்த மழைத்தண்ணீர் அவன் மாட்டுப்பண்ணையிலிருந்து நேரே ஏரிக்குப் போகிறது, அதிலிருக்கும் பாஸ்பரஸைத் தின்றுதான் பாசி கொழுக்கிறது என்று நீ சொன்னபோது என் தம்பி முறைத்தான், ஞாபகம் இருக்கிறதா? பிறகு, வாய்க்காலுக்குக் குறுக்கே குழி வெட்டி இரும்பாலையில் இரும்பை உருக்கியபின் மிஞ்சும் கசட்டுக் கல்லை நிரப்பினால், தண்ணீர் அதற்குள் புகுந்து வரும்போது பாஸ்பரஸ் கல்லோடு ஒட்டிக்கொள்ளும் என்று நீ விளக்கியதும், என் மருமக சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று இடம் கொடுத்தான். இப்போது உள்ளே போன தண்ணீரிலும் வெளியே வந்த தண்ணீரிலும் பாஸ்பரஸ் ஒரே அளவுதான் என்று முடிவு வந்ததும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பாவம், ஆறுதல் சொல்லலாம் என்று அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனால், உன் கல் படுக்கைமேல் பால் வண்டியை ஏற்றி நிறுத்தியிருக்கிறான்! எனக்கு வந்ததே கோபம், என் பொண்ணு கண்ணு வலிக்க வலிக்க வரைஞ்சது உனக்கு வண்டி நிறுத்துற இடமாடா என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். அவன் முழித்துக்கொண்டு, ஏன்க்கா கத்துற, லாரியே போனாலும் அமுங்காதுன்னு இதைப் போட்ட காண்ட்ராக்டர்தானே சொன்னாரு என்றான்.

அப்பா அங்கேயே நின்று காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அவர் ரோடு போடுகிறவர் என்பது உனக்கே தெரியும், வேறு ஆள் கிடைக்கவில்லை. மனுஷன் பெருமையாகச் சொல்கிறார், கல்லைக் கொட்டிட்டு உருட்டாம விட்டா அதெல்லாம் ஒரு வேலையாங்க, ரோலர் விட்டு நல்லா இறுக்கிட்டேன், சலிச்ச பொடி வீணாப் போகுதேன்னு அதையும் சந்துல தூவித் தண்ணி தெளிச்சேன் என்று! அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவரும் மாமாவும் கடப்பாரையால் ஒரு மூலையைப் பெயர்த்தார்கள், அந்தப் பொடி நனைந்து சிமெண்ட் மாதிரி இறுகி, பாறைதான். மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தேங்கி நின்று ஓரமாக வழிந்தது. பெயர்த்ததை உடைத்து, பொடியைச் சலித்து எறிந்துவிட்டுத் தளர்வாகப் போட்டு ஊற்றினார்கள், சலசலவென்று உள்ளே போய்விட்டது. இத்தனை மழையும் உன் கல்லுக்குள் புகவே இல்லை கண்ணு, மேலோடு ஓடி ஏரிக்குப் போயிருக்கிறது.

உன்னிடம் ஒளிக்க மாட்டேன். அப்பா உன் வரைபடத்தை விரித்துப் பார்த்தார், ரோலர் விடக்கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை. எழுத வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று காண்ட்ராக்டருக்கும் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும், அதற்காக யானை நடப்பதை விட்டுவிடுமா? உன் கணக்கு சரியா என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் அதை இன்னும் யாருமே சோதித்துப் பார்க்கவில்லை என்பது தெரியும். இந்த வருஷமும் ஏரியில் பச்சை பெயிண்ட்டைக் கொட்டின மாதிரி பாசி, அப்பாவின் படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கின்றன, குழாயைத் திறந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீ விட்டால் இதை யார் பார்ப்பார்கள்? அதைவிட, தோற்றுப்போனோம் என்று நினைத்துக்கொண்டு அந்த அறையில் நீ தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வேளைக்குச் சாப்பிடு, அழுகை வந்தால் அழுதுவிடு, அடக்காதே.

மாமா படுக்கை முழுவதையும் பெயர்த்துவிட்டான். காண்ட்ராக்டரும் முகம் செத்துப்போய், பாப்பாகிட்ட நான் என்னங்க சொல்லுவேன் என்று வந்து நிற்கிறார். கல் சலித்துத் தயாராக இருக்கிறது, மழை வருவதற்குள் போட்டுவிடலாமே என்றேன். உன் மாமா பிடித்தால் குரங்குப்பிடிதானே, அவ வாயால சொல்லாம ஒரு கல்லு உள்ள போகாது, சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போகட்டும் என்று திறந்த குழியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

எந்தக் குறையும் அண்டாமல், மனசு தெளிந்து நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ராஜினாமாவை அனுப்பாதே. மேகம் கட்டுகிறது, மாமாவைக் கூப்பிட்டு எப்படிப் போட வேண்டும் என்று சொல்லு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா